தாஜ்மகாலின் பூக்கள் வரைந்தவையா, பதித்தவையா?

கேள்வி இதுதான். தாஜ்மகால் சுவரிலும் சமாதிகளிலும் தெரியும் வண்ணப் பூக்கள் பெயின்ட் அடித்தவையா, கல்லா? கல் என்றால் எப்படிப் பதித்தார்கள்? இத்தாலிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த வேலையா? வேலை முடிந்ததும் கைகளை வெட்டினார்கள் என்பது நிஜமா? கூடவே, ஆக்ராவில் வாங்கி வந்த சலவைக்கல் தட்டு அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் விஷயம் அதிகம் என்பதால் அங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயின்டா, கல்லா என்பது. நடுவில் இருக்கும் கல்லறைக் கட்டடத்தின் சலவைக்கல்லில் நீங்கள் பார்க்கும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் பூக்கள் அனைத்தும் கல். சலவைக்கல்லில் பூவின் வடிவத்துக்குக் குழி வெட்டி, அதே வடிவத்தில் அறுத்துத் தேய்த்த வண்ணக்கல்லை அந்தக் குழிக்குள் இறக்கி, மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்து மெருகேற்றுவது. பாரசீகத்தில் இதற்குப் பர்ச்சின்காரி என்று பெயர். ஆக்ரா பட்டறைகளில் பச்சிகாரி என்பார்கள்.

ஆனால் தாஜ்மகாலில் கண்ணில் படுகிற எல்லா வேலையும் ஒரே வகை கிடையாது. போகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் குழம்புகிறார்கள். உள்ளே சுவரின் கீழ்ப்பகுதியில், இடுப்பு உயரத்துக்கு, செடியும் பூச்சாடியுமாகத் தெரிபவை செதுக்கியவை. அவற்றில் நிறமே இருக்காது. வெள்ளைக் கல்லிலேயே புடைப்பாக இதழும் இலையும் எழும்பி நிற்கும். அந்தப் பலகைகளைச் சுற்றி ஓடும் கரையில்தான் வண்ணக்கல் பதிப்பு இருக்கிறது. வாசல் வளைவுகளைச் சுற்றிக் கறுப்பில் தெரியும் குர்ஆன் வசனங்களும் பதிப்பு வேலைதான். வெள்ளைக் கல்லில் எழுத்தின் வடிவத்துக்குப் பள்ளம் வெட்டிக் கறுப்புக் கல்லை இறக்கியிருக்கிறார்கள். அதை எழுதியவர் ஷிராஸிலிருந்து வந்த அமானத் கான். கீழே நின்று பார்ப்பவருக்கு மேலே உள்ள எழுத்து சிறுத்துத் தெரியக்கூடாது என்று, உயரம் கூடக் கூட எழுத்தையும் பெரிதாக்கினார். அந்த மாபெரும் கட்டடத்தில் தன் பெயரைப் பொறித்துவைத்த ஒரே கலைஞர் அவர்தான். இன்னொரு வகையும் உண்டு. ஓரத்தூண்களில் அம்புமுனை போல மேலும் கீழுமாகப் போகும் பட்டைகளைப் பாருங்கள். பெரிய பெரிய துண்டுகளைச் சேர்த்துச் செய்த வேலை அது, அதற்கு நுணுக்கத்தைவிட அளவுதான் முக்கியம்.

சரி, எப்படிச் செய்தார்கள்?

கற்களின் கடினத்தன்மையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். கடினத்தை அளக்க 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவுகோல் இருக்கிறது. ஒன்று மிக மெத்து, பத்து வைரம். சலவைக்கல் கால்சைட் என்ற கனிமத்தால் ஆனது, அதன் அளவு 3. பூவின் இதழ்களாக வரும் சூதுபவளம் (கார்னீலியன் என்ற சிவப்புக் கல்), அகேட், ஜாஸ்பர் எல்லாம் சிலிக்கா வகைக் கற்கள். அவை 6.5 முதல் 7 வரை. ஜேட் 6 முதல் 6.5. லாபிஸ் லசுலி என்ற ஆழ்நீலக் கல் 5 முதல் 5.5. அதாவது மெத்தான கல்லுக்குள், அதைவிடப் பல மடங்கு கடினமான கல்லை, இடைவெளியே தெரியாமல் உட்கார வைக்க வேண்டும்.

சலவைக்கல்லை எஃகு உளியால் கொத்தலாம். அகேட்டைக் கொத்த முடியாது. அடித்தால் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகப் போகும். அதைத் தேய்த்துத்தான் வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். தேய்ப்பதற்கு அதைவிடக் கடினமான ஒன்று வேண்டும். அதுதான் குருந்தப் பொடி, மோஸ் அளவில் 9. ஆகவே இந்தக் கலை தொடக்கத்திலிருந்தே இரண்டு தொழில்களாகப் பிரிந்திருக்கிறது. ஒருவர் சாணையில் உட்கார்ந்து வண்ணக்கல்லைத் தேய்ப்பவர், மற்றவர் உளி பிடித்துச் சலவைக்கல்லில் குழி வெட்டுபவர். இரண்டும் வேறு வேறு கைப்பழக்கம்.

தாஜ்மகாலின் தெற்கே இருக்கும் தாஜ்கஞ்ச் பகுதியில் இன்றும் இதைப் பார்க்கலாம். சாணைச் சக்கரம் குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் செய்தது. வில் போன்ற ஒரு கருவியின் கயிறு அச்சைச் சுற்றியிருக்கும். ஒரு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுக்க, சக்கரம் சுழலும். மறு கை விரல்களில் கல் துண்டு. அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்த சீவல், சில சமயம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சக்கரத்தில் தொடுவார், எடுப்பார், பார்ப்பார், மறுபடி தொடுவார். அந்த விரல்களில் எந்தப் பிடிமானக் கருவியும் கிடையாது. துண்டு தேய்கிற சத்தம் மாறுவதைக் கேட்டே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள். கல்லை முதலில் சீவலாக அறுப்பதற்கு இப்போது மின்சார இயந்திரம் வந்துவிட்டது. வடிவம் கொடுப்பது பல பட்டறைகளில் இன்னும் கையால்தான்.

துண்டுகள் தயாரானதும் சலவைக்கல்லின் மேல் காவி பூசுவார்கள். வெள்ளைக் கல்லில் கீறினால் கோடு தெரியாது, காவியின் மேல் கீறினால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். தேய்த்த துண்டுகளை அதன்மேல் அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் கூரிய முனையால் கீறிக்கொள்வார்கள். இந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. குழியை முதலில் வெட்டிவிட்டு அதற்கேற்பக் கல்லைத் தேய்ப்பதில்லை. கல்லை முதலில் தேய்த்து முடித்து, அதற்கேற்பக் குழி வெட்டுகிறார்கள். கடினமான கல்லைக் கடைசி நேரத்தில் அரை மில்லிமீட்டர் திருத்துவது பெரும்பாடு. மெத்தான சலவைக்கல்லை உளியால் ஒரு சுரண்டு சுரண்டினால் போதும். விட்டுக்கொடுக்கக்கூடிய கல் எதுவோ, அதைத்தான் கடைசியில் வெட்டுகிறார்கள்.

குழி வெட்டும் உளிகள் பென்சில் போல மெல்லியவை. முனை மழுங்க மழுங்கத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குழியின் ஆழம் கல் துண்டின் கனத்தைவிட ஒரு இழை குறைவாக இருக்கும். பசையோடு துண்டை இறக்கி, அது இறுகியபின் மேலே துருத்திக்கொண்டிருப்பதை நுண்ணிய குருந்தப் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துச் சமன் செய்வார்கள். இங்கேதான் கடினத்தன்மை மறுபடி வந்து நிற்கிறது. ஒரே பரப்பில் 3 அளவுக் கல்லும் 7 அளவுக் கல்லும் இருக்கின்றன. அவசரப்பட்டுத் தேய்த்தால் சலவைக்கல் குழிந்துபோய், வண்ணக்கல் மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல்நுனிக்குத் தெரியும். நல்ல வேலையில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் பூ எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பட்டறையில் ஒரு வேலையின் தரத்தை இப்படித்தான் சோதிக்கிறார்கள். நினைவுச்சின்னங்களில் மட்டும் தயவுசெய்து இதைச் செய்து பார்க்காதீர்கள். லட்சக்கணக்கானோரின் விரல் எண்ணெய் சலவைக்கல்லுக்கு நல்லதில்லை.

பசையின் பக்குவத்தைக் குடும்பங்கள் வெளியே சொல்வதில்லை. இப்போது எபாக்சி என்ற செயற்கைப் பசையும் புழங்குகிறது. எந்தப் பசையாக இருந்தாலும், குழியும் துண்டும் சரியாகப் பொருந்தாவிட்டால் அது காப்பாற்றாது. நானூறு ஆண்டுகளாக அந்தப் பூக்கள் நிற்பதற்கு முதல் காரணம் பொருத்தம்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மும்தாஜ் சமாதியையும் அதைச் சுற்றியுள்ள சலவைக்கல் திரையையும் பார்க்க வேண்டும். 1631-இல் மும்தாஜ் இறந்தார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. முதலில், 1633-இல், சமாதியைச் சுற்றித் தங்கத் தடுப்பு ஒன்றை வைத்தார்கள். பத்தாண்டு கழித்து அதை எடுத்துவிட்டு, இப்போதிருக்கும் எண்கோணச் சலவைக்கல் திரையை நிறுத்தினார்கள். அதைச் செய்யப் பத்தாண்டும் ஐம்பதாயிரம் ரூபாயும் ஆனதாக அரசவை வரலாற்றாசிரியர் அப்துல் ஹமீத் லாகோரி எழுதிவைத்திருக்கிறார். ஒரே கல்லில் சல்லடை போலத் துளைத்த ஜாலி, அதைச் சுற்றிலும் கொடியும் பூவும் பதித்த சட்டங்கள். சமாதியின் மேலுள்ள சில பூக்களில், கட்டைவிரல் அளவு இடத்துக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட கல் துண்டுகள் இருக்கின்றன.

ஏன் அவ்வளவு துண்டுகள்? ஒரு இதழை ஒரே சிவப்புக் கல்லில் வெட்டி வைத்திருக்கலாமே! வைத்தால் அது தட்டையாக இருக்கும். உண்மையான இதழ் ஓரத்தில் வெளிறி, நடுவில் அடர்ந்து, மடிப்பில் இருண்டு இருக்கும். ஓவியன் இதைத் தூரிகையால் கொண்டுவருவான். கல்லில் வேலை செய்பவருக்கு அந்த வசதி இல்லை, கல்லுக்குள்ளேயே அந்தச் சாயலைத் தேடிப் பிடிக்க வேண்டும். சூதுபவளத்தில் இளமஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு வழியாக ரத்தச் சிவப்பு வரை ஓடும் சீவல்கள் கிடைக்கும். எந்த இடத்தில் அறுத்தால் வெளிறிய பக்கம் இதழின் ஓரத்துக்கும் அடர்ந்த பக்கம் அடிக்கும் வரும் என்று பார்த்து அறுத்திருக்கிறார்கள். ஷாஜகான் சமாதியின் சிவப்புக் கசகசாப் பூக்களில் இது அப்பட்டமாகத் தெரியும். அந்தச் சமாதி 1666-இல் சேர்ந்தது. அளவில் பெரியது, அதன்மேல் பூக்கள்தான் நிறைந்திருக்கின்றன. மும்தாஜ் சமாதியில் குர்ஆன் வசனங்களும் உண்டு.

உள்ளே வழிகாட்டிகள் டார்ச்சை வைத்துக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சூதுபவளம் ஒளியை உள்ளே விடும், கனலும் தணல் போல ஒளிரும். சுற்றியுள்ள மக்ரானா சலவைக்கல்லும் கொஞ்சம் ஒளியை வாங்கிக்கொள்ளும். லாபிஸ் லசுலி அப்படியே இருண்டிருக்கும். அது ஒளியை விடாது. எந்தக் கல்லை எங்கே வைத்தால் காலை வெயிலில் என்ன ஆகும், விளக்கொளியில் என்ன ஆகும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கற்கள் வந்த தூரத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சலவைக்கல் ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது. ஆம்பரை ஆண்ட ராஜா ஜெய்சிங்குக்கு, சலவைக்கல் கொண்டுவர வண்டிகளை ஏற்பாடு செய்யச் சொல்லி ஷாஜகான் 1632-இல் அனுப்பிய ஆணை இன்றும் இருக்கிறது. லாபிஸ் லசுலி ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைகளிலிருந்து. ஜேட் மத்திய ஆசியாவின் கோத்தான் பக்கத்திலிருந்து. சூதுபவளம் குஜராத்திலிருந்து. நர்மதைக்கு அருகே ரத்தன்பூர் சுரங்கங்களில் எடுத்து, கம்பாத்தில் பட்டை தீட்டுவார்கள். எடுக்கும்போது அந்தக் கல் மங்கலான பழுப்பாகத்தான் இருக்கும். வெயிலில் காயவைத்து, பானைக்குள் வைத்துச் சுட்டால்தான் அதிலுள்ள இரும்பு சிவக்கும். கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த சூதுபவள மணிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்தக் கல்லும் குஜராத் பக்கத்திலிருந்து வந்ததாகத்தான் தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். ஷாஜகானுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கொங்கு நாடு வரை வந்துகொண்டிருந்த கல் அது.

அழகின் இன்னொரு பக்கமும் உண்டு. அகேட்டைத் தேய்க்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும். குணப்படுத்த முடியாத நோய். கம்பாத் தொழிலாளர்களிடம் இது பரவலாக இருப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. இந்தக் கலையைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் தூசியை உறிஞ்சும் அமைப்பும் எட்டாத செலவில்லை.

இனி இத்தாலிக் கேள்வி. இது நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடும் வழக்கு. பிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பம் 1588-இல் கல் பதிப்புக்கென்றே அரசுப் பட்டறை ஒன்றைத் தொடங்கியது. அவர்கள் வேலைக்குப் பெயர் பியத்ரா தூரா. ஷாஜகான் காலத்தில் ஆக்ராவில் ஐரோப்பிய நகைக்காரர்கள் இருந்ததும் உண்மை. ஜகாங்கீரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ஆஸ்டின், 1640-இல் இறந்து ஆக்ராவின் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கமான வெனிஸ்காரர் ஜெரோனிமோ வெரோனியோ. 1663-இல் தாஜ்மகாலைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பெர்னியரே, பிளாரன்ஸில் கிராண்ட் டியூக்கின் தேவாலயத்தில் இருப்பது போன்ற கற்கள் என்றுதான் ஒப்பிட்டார். இதையெல்லாம் சேர்த்து, வேலையே இத்தாலியர்களுடையது என்று ஆங்கிலேயர் காலத்தில் பலர் எழுதினார்கள். எதிர்த்து வாதாடியவர்களில் முக்கியமானவர் ஈ.பி. ஹேவல். சென்னை கலைப்பள்ளிக்குத் தலைமை வகித்துவிட்டுப் பிறகு கல்கத்தா போனவர். இந்தியக் கைவினைஞர்களின் மரபிலிருந்தே இது வளர்ந்தது என்றார் அவர்.

யார் எந்த ஊரில் இருந்தார் என்பதை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. வேலையைப் பார்த்தால் தீரும். பிளாரன்ஸ் முறையில் வண்ணக்கல் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, அடியில் ஒரு பலகைக் கல்லை வைப்பார்கள். பின்னணியும் சேர்ந்து மேற்பரப்பு முழுவதும் ஒட்டிய துண்டுகள்தான். அது கல்லால் ஆன ஓவியம், மேஜைக்கும் அலமாரிக்கும் ஏற்றது. ஆக்ரா முறையில் சுவரின் சலவைக்கல்லே பின்னணி. அதைத் தோண்டித்தான் பூவை நடுகிறார்கள். ஆகவே கட்டடத்தின் சுவர், தூண், தரை எங்கும் ஓட முடிகிறது.

தோண்டிப் பதிக்கும் பழக்கம் இங்கே திடீரென்று முளைத்ததும் இல்லை. டெல்லி குதுப் வளாகத்தில் 1311-இல் கட்டிய அலாய் தர்வாஸா என்ற நுழைவாயிலைப் பாருங்கள். சிவப்பு மணற்கல்லில் வெள்ளைச் சலவைக்கல் பட்டைகள். ஹுமாயூன் கல்லறையில் அதே சிவப்பும் வெள்ளையும் இன்னும் நேர்த்தியாக வருகிறது. பதேப்பூர் சிக்ரியில் சலீம் சிஷ்டியின் தர்காவுக்குள், மரத்தில் முத்துச்சிப்பி பதித்த விதானம். சிக்கந்தராவில் 1613-இல் முடிந்த அக்பர் கல்லறையின் தெற்கு வாசலில், பல நிறக் கற்களைக் கொண்டு செய்த பெரிய பெரிய பதிப்புகள். அங்கிருந்து ஒரே எட்டில் வருவது இதிமாத்-உத்-தௌலா.

யமுனையின் மறுகரையில் இருக்கும் இந்தக் கல்லறையைப் பேபி தாஜ் என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. இது தாஜ்மகாலுக்கு மூத்தது. நூர்ஜகான் தன் தந்தை மிர்ஸா கியாஸ் பேக்குக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது. தாய் அஸ்மத் பேகமும் அங்கேதான் இருக்கிறார். வெளிச்சுவர் முழுவதும் கம்பளம் விரித்தது போல வேலை. நட்சத்திரக் கட்டங்கள், சைப்ரஸ் மரங்கள், பழத்தட்டுகள், பூச்சாடிகள், கழுத்து நீண்ட மதுக்குடுவைகள். மஞ்சள், பழுப்பு, சாம்பல் நிறக் கற்கள்தான் அதிகம். துண்டுகள் தாஜ்மகாலில் இருப்பவற்றைவிடப் பெரியவை, ஆகவே வேலை எப்படி நடந்திருக்கிறது என்று வெறுங்கண்ணால் படிக்க முடியும். ஆக்ரா போகிறவர்களுக்கு என் யோசனை, இதை முதலில் பாருங்கள். கூட்டம் குறைவு, சுவருக்குப் பக்கத்தில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன்பின் தாஜ்மகாலுக்குள் போனால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கைகள் எவ்வளவு தூரம் வந்துவிட்டன என்று தெரியும்.

அப்படியானால் ஐரோப்பாவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. பூவை வரைகிற விதத்தில் இருக்கிறது. பாதிரியார்கள் கொண்டுவந்த தாவர நூல்களின் அச்சுப் படங்கள் முகலாய ஓவியர்களின் கைக்கு வந்தன. ஒற்றைச் செடி, இருபுறமும் சமமாக விரிந்த கிளை, பக்கவாட்டிலும் நேராகவும் காட்டிய பூ என்ற அமைப்பு அங்கிருந்து வந்தது. அதோடு ஜகாங்கீருக்குப் பூக்கள் மேல் தீராத ஆசை. காஷ்மீரில் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை உஸ்தாத் மன்சூர் வரைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த ஓவியக் கண்ணும் இங்கிருந்த கல்தச்சர்களின் கையும் ஷாஜகான் காலத்தில் சேர்ந்தன.

இரண்டு முறைகளையும் ஒரே சுவரில் பார்க்க டெல்லி செங்கோட்டைக்குப் போகலாம். மன்னர் மக்களைச் சந்தித்த திவான்-இ-ஆம் மண்டபத்தில், அரியணை மாடத்தின் பின்சுவரில், கறுப்புக் கல் பின்னணியில் பறவைகளும் பழங்களுமாகச் சிறு பலகைகள் உண்டு. உச்சியில் கிரேக்கக் கதையின் ஆர்ஃபியஸ் இசைக்கருவியோடு உட்கார்ந்திருக்கிறான், விலங்குகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவை பிளாரன்ஸில் செய்து வந்த பலகைகள். அவற்றைச் சுற்றிச் சலவைக்கல்லில் ஓடும் கொடிகள் இங்குள்ளவர்கள் பதித்தவை. 1857-க்குப் பின் ஒரு பிரிட்டிஷ் படை அதிகாரி அந்தப் பலகைகளைப் பெயர்த்து எடுத்து விற்றார். அவை லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. கர்சன் வைஸ்ராயாக இருந்தபோது திரும்ப வரவழைத்து, இத்தாலியக் கலைஞர் ஒருவரைக் கொண்டு பழுது பார்க்க வைத்தார்.

செங்கோட்டையைச் சொன்னதோடு கை வெட்டிய கதைக்கும் பதில் வந்துவிடுகிறது. அந்தக் காலத்து எந்தப் பதிவிலும் அது இல்லை. தாஜ்மகாலின் நடுக்கட்டடம் முடிந்தது 1643 வாக்கில். டெல்லியில் செங்கோட்டை 1639-இல் தொடங்கி 1648-இல் முடிந்தது. அங்குள்ள திவான்-இ-காஸ் என்ற தனி மண்டபத்தின் தூண்களில் அதே முறையில், அதே தேர்ச்சியோடு பதித்த பூக்கள் இருக்கின்றன. ஆக்ரா கோட்டையின் முசம்மன் புர்ஜ், லாகூர் கோட்டையின் நௌலகா மண்டபம் எல்லாம் அதே மன்னன் காலத்தவை. அடுத்தடுத்து கட்டிக்கொண்டே இருந்த ஒருவர், கிடைப்பதற்கரிய கைகளை வெட்டிவிட்டு யாரை வைத்துக் கட்டுவார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஞ்சித் சிங் காலத்தில் அமிர்தசரஸ் பொற்கோவிலின் கீழ்ச்சுவர்களுக்கு இதே கலை போய்ச் சேர்ந்தது. அங்கே மீனும் பறவையும் மனித உருவங்களும்கூடக் கல்லில் வருகின்றன.

கைகளுக்கு நேராதது கற்களுக்கு நேர்ந்தது. ஆக்ராவில் அதிகாரம் கைமாறிய காலங்களில், கத்தி முனையால் நெம்பி எடுத்த கற்கள் ஏராளம். இன்று நீங்கள் பார்க்கும் பூக்களில் பிற்காலத்தில் நிரப்பியவையும் உண்டு. காற்று மாசு இன்னொரு சேதம். கந்தக வாயு பட்டால் சலவைக்கல்லின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறி உதிரும். சூதுபவளத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழியின் விளிம்பு போய்விட்டால் கல் தளர்ந்துவிடும். உச்ச நீதிமன்றம் 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில், தாஜ்மகாலைச் சுற்றியுள்ள சுமார் 10,400 சதுர கிலோமீட்டர் பகுதியில் நிலக்கரி எரிக்கும் ஆலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது இந்தக் காரணத்தால்தான். மஞ்சள் படிந்த கல்லுக்குத் தொல்லியல் துறை முல்தானி மிட்டி பூசி, காய்ந்தபின் கழுவுகிறது.

கடைசியாக உங்கள் தட்டு. முதலில் தட்டு எந்தக் கல் என்று பாருங்கள். ஆக்ராவில் மாக்கல்லில் செய்த பொருட்களையும் மார்பிள் என்று சொல்லித் தந்துவிடுவார்கள். நம் ஊர்க் கல்சட்டி செய்கிற அதே இனம். அடிப்பக்கத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் மாக்கல். சலவைக்கல்லில் நகம் இறங்காது. அடுத்து, இருட்டறையில் தட்டுக்குக் கீழிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். நல்ல மக்ரானா கல் மென்மையாக ஒளிரும், சூதுபவளம் கனலும். எல்லாப் பூவும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் அது கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். ஒரு லென்ஸ் கிடைத்தால் இதழுக்கு இதழ் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். இயற்கைக் கல்லில் இரண்டு இதழ்கள் அச்சடித்தது போல ஒன்றாக இருக்காது. பிறகு துண்டுக்கும் சலவைக்கல்லுக்கும் நடுவே உள்ள கோடு. அங்கே வெள்ளைப் பசை நிரப்பியிருந்தால் குழியை அவசரத்தில் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கல் அசலாகவே இருந்தாலும் வேலை இரண்டாம் தரம். நீலத்தைப் பொறுத்தவரை, சின்னத் தங்கப் புள்ளிகளும் வெள்ளைக் கீற்றும் தெரிந்தால் லாபிஸ் லசுலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே சீரான நீலமாக இருந்தால் சாயம் ஏற்றிய கல் என்று சந்தேகப்படலாம்.

அடுத்த முறை வாங்குவதாக இருந்தால், கடையில் வாங்காமல் சாணை ஓடுகிற பட்டறைக்கே போய், தேய்ப்பவரின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாங்குங்கள். பெரிய தட்டில் நிறையப் பூ இருப்பதைவிட, உள்ளங்கை அளவுத் துண்டில் ஒரே ஒரு பூ, அதில் ஐந்தாறு சாயல் உள்ள சூதுபவளம் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும், பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.